சேலத்தில் முதல் நர்ஸ் வேலை: சேரும் முன் பார்க்க வேண்டியவை

நர்சிங் முடித்து, கவுன்சில் பதிவு எண்ணும் கைக்கு வந்துவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "எவ்வளவு சம்பளம் தர்றாங்களாம்?" மாமா கேட்பார், பக்கத்து வீட்டு அக்கா கேட்பார், கூடப் படித்த தோழியும் கேட்பார். கேட்கட்டும். சேலத்தில் பல வருடங்களாக வார்டில் நின்று, புதிதாக வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு. அந்த ஆஸ்பத்திரியில் ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் பக்கத்தில் யார் இருப்பார்கள்? இதற்குத் தெளிவான பதில் கிடைக்கும் இடத்தில் சேருங்கள். சம்பளம், ஷிஃப்ட், ஹாஸ்டல் எல்லாவற்றையும் அதற்குப் பிறகு வரிசைப்படுத்தலாம்.

பி.எஸ்சி. முடித்தவர்கள், நர்சிங் டிப்ளமோவான ஜி.என்.எம். முடித்தவர்கள், பெண்கள், ஆண்கள் எல்லோருக்கும் பொதுவாகத்தான் எழுதுகிறேன். எங்கே வித்தியாசம் இருக்கிறதோ அங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் படி: காகிதமும் ஊசியும்

சென்னையில் உள்ள தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு ஆகாமல் ஸ்டாஃப் நர்ஸ் என்று எங்கும் கையெழுத்துப் போடாதீர்கள். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் கவுன்சில் அது. ரிசல்ட் வந்து பதிவு ஆவதற்குள் "சும்மா வந்து உட்காரும்மா, ட்ரெய்னின்னு போட்டுக்கலாம்" என்று சில சின்ன நர்சிங் ஹோம்களில் கூப்பிடுவார்கள். போவதானால் ட்ரெய்னியாகவே இருங்கள். கேஸ் ஷீட்டில் உங்கள் கையெழுத்துக்குப் பக்கத்தில் பதிவு எண் இல்லாவிட்டால், பிரச்சினை வரும் நாளில் அதற்குப் பொறுப்பு ஆஸ்பத்திரி ஏற்காது, உங்கள் தலையில்தான் விடியும். பதிவு முடிந்ததும் இந்திய நர்சிங் கவுன்சிலின் தேசிய அடையாள எண்ணையும் வாங்கிவிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் அதையும் கேட்கிறார்கள்.

பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், படிப்புச் சான்றிதழ்கள், டி.சி., சாதிச் சான்றிதழ், பதிவுச் சான்றிதழ், ஆதார், பான் எல்லாவற்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து மெயிலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயரின் இனிஷியல் ஒன்றில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால் இப்போதே சரி பண்ணுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். பி.எஃப். கணக்கில் சிக்கும்போதுதான் எவ்வளவு பெரிய தலைவலி என்று தெரியும்.

அடுத்தது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. படிக்கும்போதே போட்டிருப்பீர்கள், ஆனால் மூன்றையும் முடித்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். மூன்றாவது போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி அளவைப் பரிசோதித்தால் 10-க்கு மேல் வர வேண்டும். அந்த ரிப்போர்ட்டைச் சான்றிதழ்களோடு சேர்த்து வையுங்கள். உள்ளே நுழைந்த முதல் வாரத்திலேயே, நோயாளிக்குப் போட்ட ஊசியைத் தவறுதலாகத் தன் கையில் குத்திக்கொள்பவர்கள் உண்டு.

இரண்டாவது படி: ஊரில் என்னென்ன இருக்கிறது

சேலத்தில் ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. ஊர் நடுவில் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கல்லூரி 1986-இல் தொடங்கியது. நாமக்கல், தர்மபுரி பக்கமிருந்தெல்லாம் இங்கேதான் கேஸ் வரும். இங்கே நேராகப் போய் விண்ணப்பம் கொடுத்துச் சேர முடியாது, அதைப் பின்னால் சொல்கிறேன். தனியாரில் மணிப்பால், காவேரி, எஸ்.கே.எஸ்., கோகுலம், சண்முகா மாதிரிப் பெயர் தெரிந்தவை ஒரு வரிசை. அரியானூர் பக்கம் விநாயகா மிஷன் மாதிரி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தவை இன்னொரு வகை. அதற்குக் கீழே ஐந்து ரோடு, மெய்யனூர், சாரதா கல்லூரி ரோடு பக்கமும், ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி, மேட்டூரிலும் இருக்கும் நடுத்தர, சின்ன நர்சிங் ஹோம்கள். அப்புறம் டயாலிசிஸ் சென்டர், கண் ஆஸ்பத்திரி, குழந்தையின்மை சிகிச்சை மையம், தோல் கிளினிக் என்று தனித்தனியானவை.

ஜி.என்.எம். முடித்தவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எய்ம்ஸ் நர்சிங் ஆஃபீசர் பணிக்கு நடக்கும் நார்செட் தேர்வை எழுத, குறைந்தது 50 படுக்கை உள்ள ஆஸ்பத்திரியில் 2 வருட அனுபவம் உங்களிடம் கேட்பார்கள். பி.எஸ்சி. முடித்தவர்களுக்கு இந்த நிபந்தனை இல்லை. அந்த வேலையின் தொடக்க அடிப்படைச் சம்பளமே 44,900 ரூபாய். வீட்டுக்குப் பக்கம் என்று 20 படுக்கை நர்சிங் ஹோமில் இரண்டு வருடம் உழைத்துவிட்டு, விண்ணப்பம் போடும் அன்று அந்த அனுபவம் செல்லாது என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? எனவே எங்கே போனாலும் முதல் கேள்வி: "எத்தனை பெட்டுக்கு ரெஜிஸ்டர் ஆகியிருக்கு?" போர்டில் எழுதியிருப்பதையும் வாய்வார்த்தையையும் நம்ப வேண்டாம், பதிவுச் சான்றிதழில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அதை வரவேற்பறையில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பதும் உண்டு.

சேர்வராயன் மலை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏற்காடு குளுகுளுவென்று இருக்கும், நோயாளி கூட்டம் குறைவு, நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்ற கணக்கு. ஏற்காட்டில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது, நாகலூரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. காபி எஸ்டேட்டுகளை ஒட்டியும், தொண்டு அமைப்புகள் வழியாகவும் அவ்வப்போது வேலை வரும். ஆனால் மலையில் வரும் கேஸ் குளுகுளு கேஸ் இல்லை. சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏறி விழுந்தவர், பாம்பு கடித்தவர், காட்டெருமை முட்டியவர், எட்டு மாதத்திலேயே வலி எடுத்த பெண். சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமென்றால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரைக்கும், வந்து ஏறிய பிறகும் கூட, எடுக்கும் முடிவு பாதி உங்களுடையது. அங்கே போய் வேலை பார்க்கும் ஆசை நல்ல ஆசைதான். மலையாளிப் பழங்குடி மக்களோடு பழகி, அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சர்க்கரை மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா என்று விசாரிக்கும் வேலைக்கு ஈடான வேலை கீழே எந்த ஐ.சி.யு.விலும் இல்லை. ஆனால் இரண்டாவது வேலையாகப் போங்கள். கூடவே ஷிஃப்டில் ஒரு சீனியர் நர்ஸ் இருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் முதல் வேலையாக எடுக்கலாம்.

மூன்றாவது படி: எந்த வார்டு

"ஐ.சி.யு. தர்றோம், ஆயிரம் ரூபாய் கூட" என்றால் புதியவர்களுக்கு மனம் துள்ளும். என் கருத்து, முதல் ஆறு மாதம் பொது மெடிக்கல் வார்டோ சர்ஜிக்கல் வார்டோ போதும். காரணம் சொல்கிறேன்.

சர்ஜிக்கல் வார்டில் ஒரு நைட் டியூட்டி. மாலையில் ஆபரேஷன் முடிந்து வந்தவர். 8 மணிக்கு நீங்கள் டியூட்டியை ஓவர் எடுக்கும்போது பி.பி. 120/80, நாடி 84. பத்து மணிக்கு 110/76, நாடி 98. பன்னிரண்டு மணிக்கு 100/70, நாடி 116. மூத்திரப் பையில் எட்டு மணியிலிருந்து ஏறியது 40 மில்லிதான். அவரோ "தாகமா இருக்குதுங்க சிஸ்டர், வேற ஒண்ணுமில்ல" என்கிறார். பி.பி. எண் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை, புதியவர் சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விடுவார். சீனியர் அந்த மூன்று வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிப்பார். போர்வையை விலக்கி டிரெஸ்ஸிங்கைப் பார்ப்பார், முதுகுக்குக் கீழே கைவிட்டு ஷீட் நனைந்திருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார், வயிறு உப்பியிருக்கிறதா என்று பார்ப்பார், கை கால் சில்லிட்டிருக்கிறதா என்று தொடுவார். உள்ளே ரத்தம் கசிகிறது என்ற சந்தேகம் அங்கேயே வந்துவிடும். டாக்டருக்கு ஃபோன் போட்டு "சார், பேஷன்ட் ஒரு மாதிரி இருக்கார்" என்று சொல்ல மாட்டார். பெட் எண், ஆபரேஷன், மூன்று நேரத்து பி.பி., நாடி, நான்கு மணி நேரத்து மூத்திர அளவு, "நீங்க இப்பவே வரணும் சார்". அவ்வளவுதான்.

இதைப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். பக்கத்தில் நின்று ஒரு தடவை பார்த்தால்தான் கைக்கு வரும். ஐ.சி.யு.வில் மானிட்டர் கத்தி எழுப்பும். வார்டில் கத்துவதற்கு ஒன்றும் கிடையாது, உங்கள் கண்தான். அங்கே தேறியவர்கள் ஐ.சி.யு.வுக்குப் போனால் நன்றாக வேலை செய்கிறார்கள். நேராக ஐ.சி.யு.வில் இறங்கியவர்கள் பலர் மெஷினைப் பார்த்துவிட்டு ஆளைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். மூன்று மாதம் முழுதாகச் சொல்லிக்கொடுத்து, அதுவரை தனியாக ஒரு பெட்டைத் தராத ஐ.சி.யு.வாக இருந்தால் சேரலாம். அப்படி நடத்துகிற இடங்களும் இருக்கின்றன. வென்டிலேட்டரில் இருக்கும் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது கணக்கு. சேர்ந்த இரண்டாவது வாரமே மூன்று வென்டிலேட்டரைக் கையில் கொடுக்கும் இடம் என்றால் வேண்டாம்.

ஆபரேஷன் தியேட்டர், டயாலிசிஸ் இரண்டும் நல்ல துறைகள். ஆனால் முதலிலேயே போய்விட்டால் பிறகு வார்டுக்குத் திரும்பக் கை கூசும். லேபர் வார்டு பிடித்தவர்கள் அதையே முதலில் எடுக்கலாம், அங்கே எல்லாமே அவசரம், கற்றுக்கொள்ளக் குறைவில்லை. தோல் கிளினிக், குழந்தையின்மை மையம், வீட்டு நர்சிங் போன்றவற்றில் பல இடங்களில் நைட் கிடையாது, சம்பளமும் சில நேரம் கூடுதல். குடும்பச் சூழலால் போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வெளிநாட்டுக் கனவு இருந்தால் அந்த வருடங்கள் பெரும்பாலும் கணக்கில் வராது.

நான்காவது படி: இன்டர்வியூவுக்கு முன் ஒரு நடை

இதை யாரும் செய்வதில்லை. பார்வையாளர் நேரத்தில், மாலை ஐந்து மணி வாக்கில், ஒரு ஆரஞ்சுப் பையோடு உள்ளே போங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். ஒரு மாடி ஏறி, நர்ஸ் ஸ்டேஷனைத் தாண்டி மெதுவாக நடங்கள்.

எத்தனை பெட், எத்தனை யூனிஃபார்ம் என்று எண்ணுங்கள். பயன்படுத்திய ஊசிகளைப் போடும் வெள்ளை டப்பா வாய்வரை நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். வழிந்தால் அங்கே நர்ஸ் கையில் ஊசி குத்துவது வாடிக்கை. கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா? நர்ஸ்கள் கேஸ் ஷீட்டை அவ்வப்போது எழுதுகிறார்களா, அல்லது ஷிஃப்ட் முடியும் நேரத்தில் உட்கார்ந்து ஆறு மணி நேரத்து பி.பி.யை ஒரே பேனாவில் ஒரே மூச்சில் நிரப்புகிறார்களா? நோயாளியோடு இருக்கும் சொந்தக்காரர்களே ட்ரிப்ஸ் பாட்டிலை மாற்றச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தால் ஆள் பற்றாக்குறை என்று அர்த்தம்.

அப்புறம் வெளியே வந்து எதிரில் இருக்கும் டீக்கடையிலோ பஸ் ஸ்டாப்பிலோ நில்லுங்கள். டியூட்டி முடிந்து வரும் ஜூனியர் ஒருவரிடம் பேச்சுக் கொடுங்கள். "ஆஸ்பத்திரி நல்லா இருக்குங்களா அக்கா?" என்று கேட்டால் "பரவாயில்லைங்க" என்றுதான் வரும். அதில் ஒன்றும் தெரியாது. கேட்க வேண்டியவை இவை. போன மாசம் எத்தனை நைட் பார்த்தீங்க? நைட்ல டியூட்டி டாக்டர் ஃபோனை எடுப்பாரா, இறங்கி வருவாரா? உங்க கூடச் சேர்ந்தவங்க எத்தனை பேர் இன்னும் இருக்காங்க? ஆள் வரலைன்னா டபுள் டியூட்டி யாருக்கு விழும், அதுக்குக் காசு உண்டா, இல்ல காம்ப் ஆஃப், வேற நாள் லீவுன்னு சொல்லி இழுத்தடிப்பாங்களா? இன்சார்ஜ் சிஸ்டர் திட்டிட்டுச் சொல்லிக்கொடுப்பாங்களா, திட்டிட்டுப் போயிடுவாங்களா?

கடைசிக் கேள்விக்குச் சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பிலேயே பதில் இருக்கும். திட்டாத இன்சார்ஜ் சிஸ்டரை நான் பார்த்ததில்லை, அதனால் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாவது படி: இன்டர்வியூ

நர்சிங் சூப்பரின்டென்டென்ட் பெரும்பாலும் கஷ்டமான கேள்வி கேட்க மாட்டார். 500 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் போக வேண்டும், செட் ஒரு மில்லிக்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை? பத்தாயிரத்தை 480-ஆல் வகுத்தால் 21 சொட்டு. இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்துவதும் மூச்சுக் கொடுப்பதும் 30-க்கு 2. பொட்டாசியம் குளோரைடை ஏன் நேராக நரம்பில் ஏற்றக் கூடாது? இதயம் நின்றுவிடும், கலந்து மெதுவாகத்தான். ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் குத்தி வைக்கும் வென்ஃப்ளான் நிறங்கள்: பச்சை 18 கேஜ், பிங்க் 20, நீலம் 22.

இன்சுலின் சிரிஞ்ச் கேள்வி அடிக்கடி வரும், வராவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் மில்லிக்கு 40 யூனிட் பாட்டிலும் இருக்கிறது, 100 யூனிட் பாட்டிலும் இருக்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் பாட்டிலிலிருந்து சிவப்பு மூடியில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். விடிகாலையில் அந்த நோயாளி வியர்த்துக் கொட்டி மயங்கிக் கிடப்பார்.

தெரியாததைக் கேட்டால் "தெரியலைங்க மேடம், சீனியர்கிட்ட கேட்டுட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லுங்கள். நானே இன்டர்வியூ எடுக்கும்போது அந்தப் பதிலுக்குத்தான் மனதில் மார்க் போடுவேன். எல்லாம் தெரியும் என்று தலையாட்டுகிறவர்களைக் கண்டால்தான் பயம்.

அப்புறம் உங்கள் முறை. முதலில் எத்தனை வாரம் சீனியரோடு சேர்த்துப் போடுவீர்கள்? எப்போது தனி நைட்? ஷிஃப்ட் 8 மணி நேரமா, 12 மணி நேரமா? வாரத்தில் ஆஃப் எத்தனை? நைட் முடிந்து அன்றைக்கே மதியம் போடுவீர்களா? இதையெல்லாம் கேட்டால் வேலை கிடைக்காதோ என்று கூச்சப்பட வேண்டாம். சேலத்தில் நர்ஸ் தேடாத ஆஸ்பத்திரி இல்லை.

ஆறாவது படி: சம்பளக் கணக்கு

சொல்லும் தொகை வேறு, கைக்கு வருவது வேறு. உதாரணத்துக்கு ஒரு இடத்தில் 16,000 என்கிறார்கள், அதில் அடிப்படை 12,000. பி.எஃப். 12 சதவீதம் 1,440 போகும். தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. முக்கால் சதவீதம், 120 ரூபாய். ஹாஸ்டல், சாப்பாடு 2,500. கையில் 11,940. இன்னொரு இடத்தில் 13,500, ஹாஸ்டல் இலவசம், பிடித்தமே இல்லை. இரண்டாவதுதான் லாபம் போலத் தெரியும். ஆனால் பி.எஃப். என்றால் உங்கள் 1,440-க்கு நிர்வாகமும் அதே அளவு போட வேண்டும். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் உங்களுக்கும் அப்பா அம்மாவுக்கும் வைத்தியம், உங்களுக்குப் பிரசவ விடுப்பில் 26 வாரச் சம்பளம் வரை வருகிறது. மாதச் சம்பளம் 21,000 வரை இ.எஸ்.ஐ. உண்டு. பிடித்தமே இல்லாத இடத்தில் பெரும்பாலும் ஆவணமே இருக்காது, நாளைக்கு அங்கே வேலை பார்த்தேன் என்று நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

தனியார் நர்ஸ் சம்பளம் பற்றி உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் 2016-இல் மத்திய அரசு அமைத்த குழு ஒன்று பரிந்துரை செய்தது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் மாநில அரசு நர்சுக்கு இணையான சம்பளம், 100-க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50 முதல் 100 வரை 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது, 50-க்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. படித்தால் பெருமூச்சுதான் வரும். இதை இன்டர்வியூவில் எடுத்துக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. "உங்க தகுதிக்கு இதுவே அதிகம்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாமல் இருக்க உதவும்.

வேலை வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர் யாராக இருந்தாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், வேண்டாம்.

ஏழாவது படி: ஒரிஜினலும் பாண்டும்

கேட்ட உடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள், அதுதான் பிரச்சினை. ஒரிஜினல் சான்றிதழ்களை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டுங்கள், சரிபார்க்கட்டும், கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள். "எல்லாரும் குடுத்திருக்காங்க, உனக்கு மட்டும் என்ன" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு அரசுத் தேர்வில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தது. ஒரிஜினல் எல்லாம் வேலை பார்த்த இடத்தின் அலமாரியில். கேட்டால் நிர்வாகி வெளியூர், சாவி அவரிடம் என்று நாலு நாள் அலைக்கழித்தார்கள். அப்பாவும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் போய் உட்கார்ந்த பிறகுதான் கொடுத்தார்கள், அதுவும் ஒரு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுத்து.

வேறு வழியே இல்லை, அந்த வேலைதான் வேண்டும் என்றால், எந்தெந்தச் சான்றிதழ் வாங்கினோம், கேட்டால் எத்தனை நாளில் திருப்பித் தருவோம் என்று லெட்டர்ஹெட்டில் சீலும் கையெழுத்துமாக எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் கொடுக்காதீர்கள். நிரப்பாத செக், வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து இரண்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது.

பாண்ட், அதாவது இத்தனை காலம் இங்கேயே வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுப்பது, அதுவே தவறு என்று சொல்ல மாட்டேன். மூன்று மாதம் ஐ.சி.யு. பயிற்சி கொடுத்து, ஒரு வருடம் இருக்க வேண்டும் என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. பயிற்சியே இல்லாமல் இரண்டு வருடம், இடையில் போனால் ஐம்பதாயிரம் என்று எழுதியிருந்தால் எதற்காக ஐம்பதாயிரம் என்று கேளுங்கள். காகிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு, தகுதிகாண் காலத்தில் நீங்கள் விலகினாலும் பாண்ட் பொருந்துமா, திருமணம் அல்லது உடல்நலக் காரணத்துக்கு விலக்கு உண்டா என்ற மூன்றையும் தேடிப் படியுங்கள். நியமன ஆணையில் சம்பளப் பிரிவும் பதவிப் பெயரும் இருக்க வேண்டும்.

எட்டாவது படி: சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதம்

ஊசி குத்திவிட்டால் அழுத்திப் பிதுக்காமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உடனே இன்சார்ஜிடம் சொல்லி பதிவேட்டில் எழுதுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை, 28 நாள் சாப்பிட வேண்டும். பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி. சிகிச்சைக்கான ஏ.ஆர்.டி. மையத்தில் கிடைக்கும். திட்டுவார்களோ என்று மறைத்துவிட்டு ஒரு வாரம் தூங்காமல் கிடந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மறைக்காதீர்கள்.

ஃபோனில் டாக்டர் மருந்து சொன்னால் எழுதிக்கொண்டே திருப்பிப் படித்துக் காட்டுங்கள். நேரத்தோடு குறித்து, காலையில் கையெழுத்து வாங்குங்கள். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் மூன்றையும் இன்னொரு நர்ஸ் பார்க்காமல் போடாதீர்கள். அந்த நேரத்தில் இன்னொரு நர்ஸே இல்லாத வார்டில் நீங்கள் நின்றுகொண்டிருந்தால், முதலில் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வாங்காமல் சேர்ந்துவிட்டீர்கள் என்று பொருள்.

நோயாளியின் ஆட்கள் கைநீட்டினால் பேசாமல் சகித்துக்கொள்ள வேண்டியதில்லை. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோர் மீது நடவடிக்கை எடுக்கத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, புகார் கொடுக்கலாம். உள்ளேயே யாராவது பாலியல் தொல்லை கொடுத்தால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர் யார் என்று சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாவது படி: அரசு வேலையும் அடுத்த வேலையும்

அரசு நர்ஸ் பணிக்கு 2012-இல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது. தமிழ்த் தகுதித் தாளும் உண்டு, அதை அலட்சியம் பண்ணாதீர்கள். முதலில் தொகுப்பூதிய ஒப்பந்தம், காலியிடத்தைப் பொறுத்துப் பிறகுதான் நிரந்தரம். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் வழியாக 11 மாத ஒப்பந்தத்தில் சுகாதார நிலையங்களுக்கு எடுப்பதும் உண்டு, அறிவிப்பு மாவட்ட இணையதளத்தில் வரும். ஒப்பந்தம் என்ற சொல்லை மட்டும் மறந்துவிடாதீர்கள். கொரோனாவில் உயிரைக் கொடுத்து உழைத்த ஒப்பந்த நர்ஸ்களை 2022 டிசம்பர் 31-ஓடு நிறுத்தியது எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதனால் தனியாரில் இருந்துகொண்டே தேர்வுக்குப் படிப்பவர்கள் ஒப்பந்த வேலைக்காக நல்ல வார்டை விடும் முன் இரண்டு முறை யோசியுங்கள்.

வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போக நினைப்பவர்களுக்கு ஒரு வழி, அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ஜெர்மனி என்றால் மொழியை இப்போதே தொடங்குங்கள், பி2 நிலை வரை படிக்க வேண்டும். நைட் டியூட்டியோடு படிக்க வருடம் ஓடிவிடும்.

வேலையை விடும்போது நோட்டீஸ் காலம் முடித்து, அனுபவச் சான்றிதழை வாங்காமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். அதில் உங்கள் பதவி ஸ்டாஃப் நர்ஸ் என்று இருக்க வேண்டும், நர்சிங் அசிஸ்டென்ட் என்று போட்டுத் தள்ளிவிடுவார்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்தெந்த வார்டில் எத்தனை மாதம், ஆஸ்பத்திரியின் படுக்கை எண்ணிக்கை, லெட்டர்ஹெட், சீல், கையெழுத்திட்டவரின் பெயரும் பதவியும். பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். எண்ணில் விலகிய தேதியை ஏற்றிவிட்டார்களா என்று ஃபோனிலேயே பாருங்கள். ஏற்றவில்லை என்றால் கணக்குப் பிரிவில் சொல்லி ஏற்றிவிட்டுக் கிளம்புங்கள், இரண்டு மாதம் கழித்துப் போனால் உங்களைத் தெரிந்தவர் அங்கே யாரும் இருக்க மாட்டார்.